திருத்தங்களுடன் அச்சிடலாம்

நெருங்கி உட்காருங்கள், சார், இடம் இருக்கிறது. இந்தப் பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள்தாம் இப்படித் தோளோடு தோள் ஒட்டி உட்கார முடியும். புருஷன் பெண்டாட்டி என்றால் அவர் அந்தத் தூணுக்கு, இவள் இந்தத் தூணுக்கு. நடுவில் இரண்டு வக்கீல்கள் நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று வருடமாகப் பார்க்கிறேன். இந்தக் குடும்ப நலக் கோர்ட்டில் குடும்பத்தையும் பார்க்கவில்லை, நலத்தையும் பார்க்கவில்லை.

நான் பேசுவது ஒரு மாதிரியாக இருக்கிறதா? எல்லாரும் சொல்வார்கள். 'புத்தகம் படிக்கிற மாதிரி பேசுறீங்களே' என்பார்கள். தினசரிப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன், சார். இருபத்தாறு வருடம். ஆபீசில் புரூப் ரீடர் என்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் பேப்பர் மிஷின் ஏறுகிற வரைக்கும். ஊரே தூங்கும்போது ஊருக்காக ஒற்று போட்டுக்கொண்டிருக்கிறவன். படித்தது பத்தாவது. அதற்குமேல் இலக்கணம் முழுக்க நானே மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து படித்தது. எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் சரியாகத் தெரியும்.

என் வழக்கு விவாகரத்து. நான் கேட்டதில்லை. அவள் கேட்டது. வசுமதி. பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. அவள் வேண்டும் என்றாள், நான் தர மாட்டேன் என்றேன். இதில் என்னுடைய பக்கம் அவ்வளவுதான். வசுமதி என் மனைவி, அது மாறக் கூடாது. பாசம் கீசம் என்று நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இருபது வருடமாக ஓடுகிற வாக்கியம். அதன் நடுவில் வந்து யாரோ முற்றுப்புள்ளி வைத்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொழில் அப்படி.

முதலில் சம்மன் வந்தது. கூடவே அவள் மனுவின் நகல், பதினோரு பக்கம். நான் தூங்கி எழுந்து காப்பி போட்டு, மேசையில் வைத்துப் பிரித்தேன். சார், உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் பக்கத்திலேயே பதினான்கு பிழை. 'எதிர்மனுதாரர்' என்பதை இரண்டாக உடைத்து எழுதியிருக்கிறான். நான்தான் அந்த எதிர்மனுதாரர். என்னையே இரண்டாக உடைத்துவிட்டான். 'மன உளைச்சல்' என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வந்த இடமெல்லாம் 'மன உலைச்சல்'. உலையில் அரிசி போட்டதுபோல. ஒரு மனிதனை வீட்டைவிட்டு அனுப்புகிற காகிதத்தை இந்த லட்சணத்தில் எழுதுவார்களா?

எனக்குக் கை நிற்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். மத்தியானம் தொடங்கியவன் ஆபீசுக்குப் போகும் நேரம்வரை உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் முடித்தேன். சுழித்து, விளிம்பில் குறி போட்டு, ஒற்று சேர்த்து, பிரித்ததை ஒட்டி, ஒட்டியதைப் பிரித்து. சுத்தமான வேலை. ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: 'நான் தினமும் அலுதேன்.' இது என்ன? அழுதேனா, அலுத்தேனா? இரண்டுமே வரக்கூடிய இடம். சந்தேகம் வந்தால் நாங்களாகத் திருத்தக் கூடாது, சார். எழுதியவரைக் கேட்க வேண்டும். அதனால் விளிம்பில் கேள்விக்குறி போட்டு எழுதினேன்: 'அழுதேனா? அலுத்தேனா? தெளிவுபடுத்துக.'

ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வசுமதியின் பிழை இல்லை. அவளுக்கு ழகரம் சுத்தமாக வரும். பழம் என்றால் பழம்தான். வக்கீல் வாசலில் மரத்தடியில் டைப் அடிக்கிறானே, அவன் வேலை.

ஐந்தாம் பத்தி மட்டும் ஒரே வரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று. அதில் நான் கை வைக்கவில்லை. பிழை இல்லை, அதனால்.

முடித்ததும் கடைசிப் பக்கத்தின் கீழே, வழக்கம்போல, 'திருத்தங்களுடன் அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டேன். அது எங்கள் வழக்கம். எங்கள் கையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அந்த வரி இல்லாமல் போகாது. இருபத்தாறு வருடத்தில் மரண அறிவிப்புக்கும் போட்டிருக்கிறேன், கல்யாண விளம்பரத்துக்கும் போட்டிருக்கிறேன். கை தானாக எழுதும். மறுநாள் அதை அவள் வக்கீலுக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். 'திருத்திய படியை அனுப்பினால் மறுபடி ஒருமுறை பார்த்துத் தருகிறேன்' என்று ஒரு குறிப்பும் வைத்தேன். மரியாதைக்கு.

அதற்கப்புறம்தான் எனக்கென்று ஒரு வக்கீல் பிடித்தேன். பஞ்சநாதன் என்று பெயர். கறுப்புக் கோட்டில் எப்போதும் விபூதி சிந்தியிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க? திருத்தி அனுப்பிச்சிட்டீங்களா?"

"ஆமாம்."

"கையெழுத்தா?"

"போட்டேன். தேதியும் போட்டிருக்கிறேன்."

"அய்யோ ராமா. என்ன சார், அந்தம்மா உங்களைக் கொடுமைக்காரன்னு எழுதியிருக்கு. நீங்க அதுக்கு ஓகே பண்ணி அனுப்பியிருக்கீங்க!"

"நான் எழுத்தைத்தான் சரிபார்த்தேன். கருத்துக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் ஆபீசில் தலையங்கத்தில் என்ன எழுதினாலும்..."

"கோர்ட்டு உங்க ஆபீசா சார்?"

இவருக்கு நான் எதற்கு விளக்க வேண்டும்? இவர் தயாரித்த எதிருரையில், அதாவது என் பதில் மனுவில், என் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள். இளவழுதி, சார், என் பெயர். அப்பா வைத்தது. 'இளவலுதி' என்று அடித்திருந்தது. அதையும் திருத்திக் கொடுத்தேன். "இதையாவது எதிர்க்கட்சிக்கு அனுப்பாம என்கிட்ட குடுத்தீங்களே" என்றார். நகைச்சுவையாம்.

பெயரைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. முதல் வாய்தா. பஞ்சநாதன் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். நான் மட்டும் இதே வராந்தாவில் இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து டவாலி வந்து கத்துகிறான்: "எலவலதீ! எலவலதீ! எலவலதீ!" மூன்று முறை. நான் எழுந்திருக்கவில்லை. அது என் பெயர் இல்லையே, சார். அப்படி ஒரு பெயர் தமிழில் இல்லை. அவன் திருப்பிச் சரியாகக் கூப்பிடுவான் என்று பார்த்தேன். அவன் உள்ளே போய்விட்டான். எதிர்மனுதாரர் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டுவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனை வரவில்லை என்று! அதை நீக்கத் தனியாக ஒரு மனு, அதற்கு நான்கு மாதம். பஞ்சநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார் எந்திரிக்கல?" என்றார். "கூப்பிட்டால்தானே எழுந்திருப்பதற்கு?" என்றேன்.

வசுமதி அன்றைக்கு எதிர்த் தூண் பக்கம்தான் நின்றாள். எனக்குத் தெரியும், அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், 'ஆள் இங்கேதான் இருக்கிறார்' என்று. சொல்லவில்லை. இத்தனைக்கும் என் பெயரை அவளைப்போல் யாரும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வாள், மெதுவாக, ழுவை நன்றாக நாக்கை மடக்கி. சரி, அது எதற்கு இப்போது.

அப்புறம் ஆலோசனை என்று ஓர் அறைக்கு அனுப்பினார்கள். சேர்ந்து வாழ வைக்கப் பார்ப்பார்களாம். ஒரு சின்னப் பெண், முப்பது வயது இருக்காது, பிளாஸ்டிக் பூ வைத்த மேசைக்குப் பின்னால். எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "உங்க மனைவிகிட்ட உங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லுங்க சார்" என்கிறாள். தொலைக்காட்சிப் போட்டியில் கேட்பதுபோல. எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. இருந்தாலும் சொன்னேன். "ழகரம் நன்றாக உச்சரிப்பாள்."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். வசுமதி திரும்பி என்னைப் பார்த்தாள், சார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. ஒன்பது பத்து வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நான் அதோடு நிறுத்தவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு விடக் கூடாது அல்லவா? "ஆனால் எழுத்தில் ஒற்றுப் பிழை அதிகம்" என்றேன்.

"போதும் மேடம்" என்று அவள் எழுந்துவிட்டாள். அந்தச் சின்னப் பெண் தாளில் 'சமரசம் தோல்வி' என்று எழுதினாள். அதில் பிழை இல்லை. பார்த்தேன்.

விசாரணைக்கு வருகிறேன். அவள் வக்கீல் பெயர் மெஹருன்னிசா. குள்ளம், கண்ணாடி, குரல் மட்டும் ஒலிபெருக்கி. என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்தார். சிவப்பு சிவப்பாக. சான்றாவணம் நான்கு என்று முத்திரை குத்தியிருந்தார்கள். என் வேலையைக் கோர்ட்டு முத்திரையோடு பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

"மூணாம் பக்கம் பாருங்க. 'கணவரை பிரிந்து'ன்னு டைப் ஆகியிருக்கு. நடுவுல சிவப்புல ஒரு ப் இருக்கே, அது யார் போட்டது?"

"நான்."

"எதுக்குப் போட்டீங்க?"

"இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வாக்கியம் சரியா இருக்கணும்னு போட்டீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கிறது."

"கோர்ட்டுக்குக் கேக்குற மாதிரி படிங்க."

படித்தேன். 'நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டே என் கணவரைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன்.'

"சரிதானே?"

"சரி."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாவும் குனிந்துகொண்டார். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவே இல்லை. பஞ்சநாதன் எழுந்து என்னவோ மறுத்தார். யாரும் கேட்கவில்லை. மெஹருன்னிசா விடவில்லை.

"அஞ்சாம் பக்கத்துல திருமணத் தேதி தப்பா இருந்ததைத் திருத்தியிருக்கீங்க. அப்ப நீங்க எழுத்தை மட்டும் பாக்கலை, விஷயத்தையும் பாத்திருக்கீங்க."

"தேதி தப்பாக இருந்தால் திருத்துவது எங்கள் கடமை."

"கரெக்ட். தப்பா இருந்தா திருத்துவீங்க. ஏழாம் பத்தியில, 'எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் இருந்தபோதும் அவர் என்னை வந்து பார்க்கவில்லை'ன்னு இருக்கு. அதுல ஒரு கமா மட்டும் போட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் சரியா இருந்ததா சார்?"

இவர்களுக்குப் பின்னணி தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுக்கிற நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் எழுகிற நேரத்தில் அவள் ஆஸ்பத்திரியில். அதனால் பிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவைப்பாள். சாம்பார் மேலே இருக்கிறது, தண்ணீர் மோட்டார் போடவும், இந்த மாதிரி. நான் படித்துவிட்டு, பிழை இருந்தால் திருத்தி, அங்கேயே ஒட்டிவைப்பேன். பென்சிலால்தான் சார். சிவப்பில் இல்லை. வீட்டில் நான் சிவப்புப் பேனாவைத் தொட்டதில்லை, அந்த மனுவுக்கு முன்னால். ஒரு மனிதனுக்கு மனைவிமேல் அக்கறை இருந்தால்தானே இதையெல்லாம் செய்வான்? அடுத்தவன் பெண்டாட்டி சீட்டையா திருத்துகிறேன்?

ஒருநாள் 'எனக்கு காய்ச்சல் எழுப்ப வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். எனக்குக் காய்ச்சல். க் வேண்டும். போட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. இல்லாவிட்டால் காய்ச்சலை எழுப்ப வேண்டாம் என்று பொருள் ஆகிவிடும். அதையும் வைத்தேன். எழுப்ப வேண்டாம் என்று அவளே எழுதியிருக்கிறாள். நான் எழுப்பவில்லை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். சொன்னபடி கேட்டதற்குப் பெயர் கொடுமையா?

அந்தச் சீட்டும் வந்தது, சார், கோர்ட்டுக்கு. அது மட்டுமில்லை, இருநூற்றுச் சொச்சம் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்திருக்கிறாள், வருடவாரியாக. பென்சில் அழியாமல் இருக்கச் சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தாள். என் கையெழுத்தை எத்தனை பத்திரமாக வைத்திருந்தாள் என்று பாருங்கள். நான் அதைக் கோர்ட்டிலேயே சொன்னேன். மறுபடி சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஞ்சநாதன் அவளைக் குறுக்கு விசாரணை செய்தார். மனுஷனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை, நான் விளிம்பில் எழுதியதையே கேட்டார்.

"இந்த ஆறாம் பக்கத்துல, நீங்க அழுதீங்களா, அலுத்துப்போனீங்களா? எதும்மா உண்மை?"

"ரெண்டும்தான் சார். மொதல்ல அழுதேன். அப்புறம் அலுத்துப்போச்சு" என்றாள்.

நீதிபதி அம்மா அதை எழுதிக்கொண்டார். என் கேள்விக்கு இரண்டரை வருடம் கழித்துப் பதில் வந்தது.

தீர்ப்பு போன வருடம் கார்த்திகையில். தமிழில்தான் எழுதினார்கள். நன்றாகவே எழுதியிருந்தது என்று சொல்ல மாட்டேன். 'தன் மனைவியின் பதினோரு பக்க வேதனையில் எதிர்மனுதாரர் கண்டது எண்பத்து மூன்று எழுத்துப் பிழைகளை மட்டுமே' என்று ஒரு வரி. நீதிபதி அம்மா அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். எண்பத்தாறு, சார். எண்ணத் தெரியாதவர்கள் எதற்கு எண்ணைப் போட வேண்டும்? நிறுத்தக்குறிகளை விட்டுவிட்டார். வழக்கு அவள் பக்கம். திருமணம் கலைக்கப்படுகிறது. கூட்டத்தைத்தான் கலைப்பார்கள். இரண்டே பேரைக் கலைக்க ஒரு நீதிபதி, இரண்டு வக்கீல்.

இனிமேல் சொல்லப்போவதைப் பஞ்சநாதனுக்குக்கூடச் சொல்லவில்லை.

தீர்ப்பாணையின் நகல் வந்தது. ஒரே பக்கம். அரசு முத்திரை, தலைமை எழுத்தர் கையெழுத்து, நீதிபதி கையெழுத்து. இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து படித்தேன். 'மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் 14.9.2007 அன்று நடைபெற்ற திருமணம் இந்த ஆணையின் மூலம் கலைக்கப்படுகிறது.'

2007.

எங்கள் கல்யாணம் 14.9.2001, சார். வெள்ளிக்கிழமை. ஆவணி மாதக் கடைசி. ஒன்றை ஏழு என்று எவனோ அடித்திருக்கிறான், எவனோ சரிபார்த்திருக்கிறான், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவனும் படிக்கவில்லை. ஒருவனும்! என் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த ஏழைச் சுழிக்க முள் தாளைத் தொட இருந்தது.

மூடிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளின்படி 2007-இல் நடந்த ஒரு திருமணம் கலைந்துவிட்டது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 2001-இல் நடந்தது அப்படியே இருக்கிறது. எந்தக் கோர்ட்டும் அதைத் தொடவில்லை. பஞ்சநாதன் "அப்பீல் போடலாமா சார்?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். "மனசு மாறிட்டீங்க போல" என்றார். இவர்களுக்கெல்லாம் சட்டம் எதற்கு?

வீட்டுக்குப் போய் அதை மடித்து அகராதிக்குள் வைத்தேன். ஏழு மாதம், சார். தினமும் எழுந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். ஏழு அங்கேயே இருக்கும். ஆபீசில் எல்லாரும் "தனியாளாயிட்டீங்களே அண்ணே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்கு உள்ளே சிரிப்பு. முட்டாள்கள். நான் கல்யாணமானவன். ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, உள்ளே என் மனைவி வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கே அது தெரியாது. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஒற்றே தெரியாதவளுக்கு ஓர் இலக்கம் மாறியது தெரியவா போகிறது?

என் வாழ்நாளில் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

போன வாரம் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. தீர்ப்பாணையில் உள்ள தேதிப் பிழையைத் திருத்தக் கோரும் மனு. போட்டிருப்பது வசுமதி. வக்கீல் இல்லை. அவளே எழுதி, அவளே டைப் அடித்து, அவளே போட்டிருக்கிறாள். நான்கு பத்தி. பேனாவை எடுத்துவைத்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன்.

ஒன்றும் இல்லை, சார். ஒரு பிழை இல்லை. க், ச், த், ப் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எதிர்மனுதாரர் என்று வருகிற இடத்தில் எல்லாம் நான் முழுசாக இருக்கிறேன். தீர்ப்பாணை நகலையும் இணைத்திருக்கிறாள். அந்த ஏழைச் சுழித்து, கோடு இழுத்து, விளிம்பில் ஒன்று என்று எழுதியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் போடுகிற அதே குறி. பென்சிலால். இதை யாரிடம் படித்தாள்? நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாம் பத்தியைக் கேளுங்கள். எனக்குப் பார்க்காமலே வரும். 'இப்பிழையைத் தீர்ப்பாணை கிடைத்த அன்றே நான் கண்டேன். எந்தப் பிழையையும் விட்டுவைக்காத எதிர்மனுதாரர் இதைத் தாமே சுட்டிக்காட்டுவார் என்று ஏழு மாதங்கள் காத்திருந்தேன். அவர் சுட்டிக்காட்டவில்லை.'

அவ்வளவுதான். கொடுமை, உளைச்சல், ஒன்றும் இல்லை. அவர் சுட்டிக்காட்டவில்லை, முற்றுப்புள்ளி. ஒரு திருத்த மனுவுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, சார். தேதி தப்பு, மாற்றுங்கள், முடிந்தது. கோர்ட்டுக்கு இதனால் என்ன பயன்? வேறு யார் எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியை அடித்திருப்பேன். எதற்காக எழுதினாள் என்று கேட்டு விளிம்பில் ஒரு கேள்விக்குறியாவது போட்டிருப்பேன்.

போடவில்லை.

அதோ, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நீலச் சேலை. அவள்தான். காலையிலிருந்து அங்கேயே நிற்கிறாள், உட்கார இடம் இருந்தும். பார்க்காதீர்கள், பார்க்காதீர்கள். நான் பார்க்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்வாள். முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது. சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போல.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெஞ்ச் கிளார்க் வந்து அவள் மனுவின் இந்தப் படியை என் கையில் திணித்துவிட்டுப் போனான். "சார், அப்ஜெக்‌ஷன் இருக்குன்னா வாய்தா போடுவாங்க, வக்கீலோட வாங்க. இல்லைன்னா இதுலயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஜட்ஜ் அம்மாகிட்ட வச்சிட்டா அந்தம்மாவும் இன்னிக்கே வீட்டுக்குப் போகும்" என்கிறான். அந்தம்மா வீட்டுக்குப் போவதில் இவனுக்கு என்ன அக்கறையோ.

வாய்தா வாங்கலாம். ஒன்று வாங்கினால் மூன்று மாதம் ஓட்டலாம். பஞ்சநாதனைக் கூப்பிட்டால் மூன்று வருடமே ஓட்டுவார். அந்த ஏழு அதுவரைக்கும் ஏழாகவே இருக்கும். நான் வரும்போது அந்த எண்ணத்தில்தான் வந்தேன். பஸ்ஸில் முழுக்க அதுதான்.

ஆனால் கண்டுபிடித்துவிட்டாளே, சார். பிழை என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு அதை எப்படி விட்டுவைப்பது? அச்சுக்குப் போக வேண்டியதுதானே?

எழுதத் தொடங்கிவிட்டேன், இதோ. 'எனக்கு ஆட்சேப' வரைக்கும் எழுதியாகிவிட்டது. நீங்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே எழுதியது. மை காய்ந்துவிட்டது பாருங்கள். கடைசியில் வருகிற 'இல்லை'யில் ஒன்றும் சிக்கல் இல்லை, அதை எவனும் எழுதிவிடுவான். அதற்கு முன்னால் வருகிற இந்த ஓர் எழுத்துதான். தினமும் பத்துத் தடவை திருத்துகிற சொல். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உங்களைச் சோதிப்பதற்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதுல மூணு சுழியா சார், ரெண்டு சுழியா?